நீச்சல் தெரிந்தவள் ஏன் திணறினாள்?

வாசகர் கேள்வி

ஐயா, என் மகளுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே நீச்சல் கற்றவள். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மாவட்ட அளவில் முதலிடம். மாநிலப் போட்டிக்கும் போய் வந்திருக்கிறாள். இந்த ஆடிப்பெருக்கன்று எங்கள் ஊர்ப் படித்துறையில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் தங்கையின் மகன், 11 வயதுப் பையன், பாசியில் கால் வழுக்கி ஆற்றோடு போய்விட்டான். நாங்கள் கூச்சல் போடுவதற்குள் இவள் குதித்துவிட்டாள். பையனை எட்டிப் பிடித்தும்விட்டாள். ஆனால் அவன் இவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டதில் இருவரும் சேர்ந்து மூழ்கத் தொடங்கினார்கள். பக்கத்துப் படியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மூங்கில் கழியை நீட்டி இருவரையும் கரைக்கு இழுத்தார். கடவுள் புண்ணியத்தில் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அன்றிலிருந்து மகள் நீச்சல் குளத்துப் பக்கமே போகவில்லை. இரவில் திடுக்கிட்டு எழுகிறாள். அவளுடைய பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து, ஏரியில் மூழ்கிய பஸ்ஸிலிருந்து 20 பேரைக் காப்பாற்றிய ஆர்மீனிய நீச்சல் வீரர் ஒருவரின் கதையைச் சொன்னார். “அவர் இருபது பேரைத் தூக்கினார். நீ ஒரு பொடியனுக்கே திணறிவிட்டாயே, பயிற்சி போதாது” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்கு அது தைத்துவிட்டது. என் கணவரோ, இனி நீச்சலே வேண்டாம், யாருக்காகவும் தண்ணீரில் குதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய் என்கிறார். இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளும் வந்துவிட்டது. நான் யார் பக்கம் நிற்பது?

ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

நீர் மீட்புப் பயிற்சியாளரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர் பக்கமும் வேண்டாம், கணவர் பக்கமும் வேண்டாம். கழி நீட்டிய பெரியவர் பக்கம் நில்லுங்கள். அன்று அந்தப் படித்துறையில் இருந்தவர்களில், நீரில் தத்தளிப்பவரை எப்படி மீட்க வேண்டுமோ அப்படி மீட்டவர் அவர் ஒருவர்தான். அவர் எந்த வகுப்பிலும் படித்திருக்க மாட்டார். ஆனால் நாங்கள் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் அதையேதான்: கரையில் நின்றபடியே எதையாவது நீட்டிப் பிடிக்கக் கொடு, எட்டாவிட்டால் மிதக்கிற பொருளையோ கயிற்றையோ வீசு, அதுவும் முடியாவிட்டால் படகிலோ பரிசலிலோ போ, நீந்திப் போவது கடைசி வழி, அதுவும் கையில் மிதவை இல்லாமல் போகாதே. உலகெங்கும் உயிர்காப்பாளர்கள் பின்பற்றும் வரிசை இது.

உங்கள் மகள் கடைசி வழியிலிருந்து ஆரம்பித்தாள். தவறு அவளுடையது இல்லை. நீச்சல் கற்ற இத்தனை வருடத்தில் முதல் மூன்றையும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நம் ஊர் நீச்சல் குளங்களில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, டைவிங் பலகை இருக்கிறது; தத்தளிக்கிற ஒருவரை எந்தப் பக்கத்திலிருந்து அணுகுவது என்று சொல்லித்தரும் பாடம் மட்டும் அபூர்வம். அப்படியிருக்க, ‘பயிற்சி போதாது’ என்ற வார்த்தை யாரைப் பார்த்துச் சொல்லப்பட வேண்டியது என்பதை அந்தப் பயிற்சியாளர்தான் யோசிக்க வேண்டும்.

இனி அந்த ஆர்மீனியர் கதைக்கு வருகிறேன். பயிற்சியாளர் பொய் சொல்லவில்லை. பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். மீதியைச் சொல்கிறேன், மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அவர் பெயர் ஷவார்ஷ் கராபெத்யான். 1976 செப்டம்பர் 16. அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானில் ஏரியை ஒட்டிய பாதையில் தன் தம்பி காமோவோடு ஓட்டப் பயிற்சியில் இருந்தார். அப்போது அவருக்கு 23 வயது. அவர்கள் கண்ணெதிரே, 92 பேரை ஏற்றிக்கொண்டு வந்த டிராலிபஸ் (மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ்) ஒன்று சாலையை விட்டு விலகி ஏரிக்குள் பாய்ந்தது. கரையிலிருந்து சுமார் 25 மீட்டர் தூரத்தில், 10 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. வண்டி விழுந்த வேகத்தில் அடியில் கிடந்த சேறு கிளம்பி, தண்ணீருக்குள் கண் தெரியாத இருட்டு. கராபெத்யான் மூழ்கிப் போய், பின்பக்கக் கண்ணாடியைக் கால்களால் உதைத்து உடைத்தார். உடைந்த கண்ணாடி அவர் உடம்பைக் கிழித்தது. அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைவதும், கையில் தட்டுப்படுகிறவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வருவதுமாக ஏறத்தாழ 20 நிமிடம் மூழ்கி மூழ்கி எழுந்தார். அவர் கைப்பட வெளியே வந்தவர்களில் 20 பேர் பிழைத்தார்கள்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அவர் உங்கள் மகளைப் போன்ற நீச்சல் வீரர் இல்லை. அவருடைய விளையாட்டு ஃபின்ஸ்விம்மிங்: காலில் மீன்வால் போன்ற துடுப்பு மாட்டிக்கொண்டு, மேற்பரப்பிலும் நீருக்கு அடியிலும் நீந்துவது. அடியில் நீந்தும் போட்டிகளில் ஒன்றில் மூச்சை அடக்கியே தூரத்தைக் கடக்க வேண்டும். பதினேழு முறை உலக சாம்பியன், பல உலக சாதனைகளுக்குச் சொந்தக்காரர். நீருக்கு அடியில், மூச்சை அடக்கி, காலின் பலத்தால் பாரத்தை நகர்த்துவது அவர் தினமும் செய்த வேலை. அன்று ஏரி அவரிடம் கேட்டதும் அதே வேலைதான். அந்த நகரத்தில் அந்த நேரத்தில் அந்த ஏரிக்கரையில் அவர் ஓடிக்கொண்டிருந்தது தற்செயல்; உள்ளே இறங்கிய பிறகு நடந்தது தற்செயல் இல்லை.

இரண்டு, அவர் தனியாக இல்லை. தம்பி காமோவும் ஃபின்ஸ்விம்மிங் வீரர். அண்ணன் மேலே கொண்டுவந்தவர்களைத் தம்பி வாங்கிக் கரைக்கு அனுப்பினார். கரையில் இருந்தவர்கள் அதற்கு மேல் பார்த்துக்கொண்டார்கள். அடியில் ஒருவர், மேற்பரப்பில் ஒருவர், கரையில் ஆட்கள். அண்ணனே ஒவ்வொருவரையும் கரை வரை இழுத்துப் போயிருந்தால் 20 நிமிடத்தில் எத்தனை பேரை மீட்டிருக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்று, மூழ்கிய வண்டிக்குள்ளிருந்து எடுக்கப்படுகிறவர் பெரும்பாலும் நினைவு தப்பிய நிலையில் இருப்பார். பாரம் இருக்கும், இழுக்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் மீட்பவரின் கழுத்தைக் கட்டிக்கொள்ள மாட்டார். நீர்மட்டத்தில் முழு நினைவோடு, உயிர்ப் பயத்தோடு தத்தளிக்கும் 11 வயதுப் பையன், பாரத்தில் குறைவு என்றாலும் ஆபத்தில் அதிகம். இந்த வித்தியாசம் தெரியாமல் 20-ஐயும் 1-ஐயும் ஒப்பிடுவது, சமையல் போட்டியில் பரிசு வாங்கியவரிடம் ‘அடுப்பு பற்றி எரிந்தபோது உங்களுக்கு அணைக்கத் தெரியவில்லையே’ என்று கேட்பதற்குச் சமம்.

பயிற்சியாளர் சொல்லாமல் விட்டது இதற்கு அப்புறம் நடந்தது. குளிர்ந்த, கழிவு கலந்த நீர், உடம்பெல்லாம் கண்ணாடிக் காயம். கராபெத்யானுக்கு நிமோனியா வந்தது, இரத்தத்தில் நச்சு பரவியது. 45 நாள் மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்து எழுந்து, மறு வருடம் இன்னொரு உலக சாதனையும் படைத்தார் என்றாலும் பழைய உடம்பு திரும்பவில்லை. நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. விரைவிலேயே போட்டிகளிலிருந்து விலகினார். அவர் செய்தது என்ன என்று சோவியத் நாடு முழுவதும் தெரிந்ததே 1982-இல், ‘கொம்சொமோல்ஸ்கயா ப்ராவ்தா’ பத்திரிகை எழுதிய பிறகுதான். அதுவரை ஆறு வருடம் கைத்தட்டல் இல்லை, மாலை இல்லை.

இன்னொன்று இருக்கிறது. உங்கள் மகளுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை மூழ்கியபோது, இருட்டில் கையில் பட்டதை ஆள் என்று நினைத்து இழுத்துக்கொண்டு மேலே வந்தார் கராபெத்யான். வெளிச்சத்தில் பார்த்தால் அது பஸ் இருக்கையின் மெத்தை. ஒரு மூச்சு வீண். அந்த மூச்சில் ஒரு மனிதர் மேலே வந்திருக்கலாம். காப்பாற்றிய 20 முகங்களை விட்டுவிட்டு அந்த மெத்தைதான் வெகு காலம் தன் கனவில் வந்தது என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இருபது உயிரை மீட்டவரையே மனம் இப்படிப் படுத்தியிருக்கிறது. கழுத்தை நெரித்த பிடியில் உள்ளே போய் வந்த 16 வயதுப் பெண் இரவில் திடுக்கிட்டு எழுவதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது?

மனதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். அதற்கு முன், அன்று ஆற்றில் என்னதான் நடந்தது என்பதை அவளுக்குப் புரியவைக்க வேண்டும். காரணம் தெரிந்தால் பாதி வெட்கம் போய்விடும்.

நீச்சல் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, அடி தெரிகிறது, 25 அல்லது 50 மீட்டருக்கு ஒரு சுவர் கைக்குக் கிடைக்கிறது. ஆடிப்பெருக்குக் காவிரியில் இதில் ஒன்றுமே இல்லை. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடும். ஒரு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. மணல் அள்ளிய பள்ளங்களின் மேல் சுழல் இருக்கும். போட்டி நீச்சலில் முகம் தண்ணீருக்குள் இருக்கும். மீட்க நீந்தும்போது தலையைத் தூக்கிக்கொண்டு, ஆளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நீந்த வேண்டும். முழுக்கவே வேறு நீச்சல் அது, சீக்கிரம் களைப்பூட்டும். போதாததற்குத் திருவிழா உடுப்பு. நனைந்த பாவாடை தாவணியோ சுடிதாரோ காலில் சுற்றினால் மாநிலச் சாம்பியனும் பாதிச் சாம்பியன்தான்.

அடுத்தது அந்தப் பையன். நீரில் மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். நியூயார்க் கடற்கரை ஒன்றில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, உண்மையில் மூழ்குகிறவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்து 1970-களில் விளக்கியது இதற்கு நேர் எதிரானது. மூழ்குகிறவரால் கூப்பிட முடியாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் கண நேரத்தில் மூச்சு இழுக்கவே நேரம் போதாது. கைகள் பக்கவாட்டில் நீண்டு தண்ணீரைக் கீழே அழுத்தும், ஏணியில் ஏற முயல்வது மாதிரி. கால் உதைக்காது. உடம்பு செங்குத்தாக நிற்கும். இந்த நிலை 20 விநாடியிலிருந்து 60 விநாடி வரைதான். பிறகு உள்ளே போய்விடுவார். இது அவர் விரும்பிச் செய்வது இல்லை, உடம்பு தானாகச் செய்வது. அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற எதன் மேலும் ஏறுவார். தங்கை, அண்ணன், அக்காள் என்று பார்க்க மாட்டார். உங்கள் மகள் முன்பக்கமாக நெருங்கியிருப்பாள். பையன் அவள் மேல் ஏறிவிட்டான். நடந்தது இவ்வளவுதான்.

அப்படிக் கட்டிப் பிடித்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது, கேட்க விசித்திரமாக இருக்கும்: மேலே வரப் போராடக் கூடாது, உள்ளே போக வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டு, தொண்டையைக் காக்கத் தாடையை மார்போடு சேர்த்து, கீழே மூழ்க வேண்டும். மூழ்குகிறவருக்கு வேண்டியது மேலே போவது. நீங்கள் கீழே போனால் பிடியை விட்டுவிடுவார். அப்படியும் விடாவிட்டால் அவருடைய முழங்கைக்கு அடியில் கைவைத்து மேலே தள்ளி நழுவ வேண்டும். பிறகு எட்டி நின்று, முகத்தைப் பார்த்துப் பேசி, பின்பக்கமாக வர வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதில் பயன் குறைவு. பயிற்சியாளர் ஒருவரின் கண் முன்னால், குளத்தில், இரண்டு பேர் மாறி மாறிக் கட்டிப்பிடித்துப் பழக வேண்டும்.

உடல்பலம் இருந்தால் போதும் என்று கணவரோ பயிற்சியாளரோ நினைத்தால் ஒரு பெயரைச் சொல்லுங்கள். ஷாட் காஸ்பர்ட், அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த மேடையில் ஆடிய ஆஜானுபாகு. 2020 மே 17 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வெனிஸ் கடற்கரையில் தன் 10 வயது மகனோடு நீந்தியபோது, கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் இருவரும் மாட்டிக்கொண்டார்கள். உயிர்காப்பாளர்கள் வந்தபோது ‘முதலில் பையனை’ என்று அனுப்பிவிட்டார். பையன் பிழைத்தான். தந்தையின் உடல் மூன்று நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. 39 வயது. அவர் பலத்தில் குறை சொல்ல ஏதுமில்லை; ஓடுகிற தண்ணீருக்குப் பலம் ஒரு பொருட்டே இல்லை.

கதை வேண்டுமென்றால் கையில் மிதவையோடு போனவர்களின் கதைகளைப் பயிற்சியாளர் சொல்லலாமே. 1912-லும் 1920-லும் ஒலிம்பிக் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர் டியூக் கஹனமோகு, உங்கள் மகளின் அதே போட்டிக்காரர். 1925 ஜூன் 14 அன்று கலிபோர்னியாவின் கொரோனா டெல் மார் கரைக்கு எதிரே ‘தெல்மா’ என்ற மீன்பிடிப் படகு 29 பேரோடு பெரிய அலையில் கவிழ்ந்தது. 17 பேர் இறந்துபோனார்கள். பிழைத்த 12 பேரில் 8 பேரைக் கொண்டுவந்தவர் கஹனமோகு. அவ்வளவு பெரிய நீச்சல்காரர் வெறுங்கையோடு பாயவில்லை. தன் அலைச்சறுக்குப் பலகையை எடுத்துக்கொண்டு போனார். ஆட்களை அதன் மேல் ஏற்றிக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் அமெரிக்கக் கடற்கரை உயிர்காப்பாளர்கள் அந்தப் பலகையைத் தங்கள் சாமானில் சேர்த்துக்கொண்டார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கே பலகை தேவைப்பட்டது என்று மகளிடம் சொல்லுங்கள்.

1988 சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் பூசானில் நடந்தபோது கனடா வீரர் லாரன்ஸ் லெமியூ இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தார். பலத்த காற்று. வேறொரு பிரிவில் போட்டியிட்ட சிங்கப்பூர் வீரர்கள் இருவர் படகு கவிழ்ந்து தண்ணீரில் கிடந்ததைப் பார்த்ததும் பாதையை விட்டுத் திரும்பினார். தண்ணீரில் குதிக்கவில்லை, படகிலிருந்தபடியே பிடித்து ஏற்றி, காவல் படகு வரும் வரை காத்திருந்து ஒப்படைத்துவிட்டுப் போட்டியைத் தொடர்ந்தார். அந்தச் சுற்றில் அவருக்கு இரண்டாம் இடத்தையே நடுவர் குழு வழங்கியது. மொத்தத்தில் பதக்கம் கிடைக்கவில்லை, 11-ஆம் இடம்தான். ஒலிம்பிக் கமிட்டி பியர் டி கூபர்டின் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது. எந்தப் பதக்கம் பெரிது என்று இங்கே பட்டிமன்றம் வைக்க வேண்டாம்.

இவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில், 2020 ஆகஸ்டில், கிரிக்கெட் ஆடிவிட்டு அணையில் குளிக்க வந்த இளைஞர்களில் நான்கு பேர் ஆழத்தில் சிக்கினார்கள். ஓடியாடி விளையாடுகிற வயதுப் பையன்கள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து, முடிந்து, வீசினார்கள். இருவர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூவருக்கும் அந்தச் சுதந்திர தினத்தன்று தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. நீட்டு, வீசு என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவதை அவர்கள் ஒரு நொடியில் செய்துவிட்டார்கள். மானம் பார்க்காமல் செய்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அதைவிட, அந்தப் பதற்றத்திலும் கரையைவிட்டு ஆழத்துக்கு ஓடாத அவர்களுடைய நிதானம்தான் பெரிதாகப் படுகிறது.

இப்போது உங்கள் கணவரின் சத்தியத்துக்கு வருவோம். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஒருவரை மீட்கப் போனவர் தானும் இறந்துபோவது நீர் விபத்துகளில் வழக்கமாக நடப்பது. ‘காப்பாற்றச் சென்ற அண்ணனும் பலி’ என்ற தலைப்பு இல்லாத கோடைக்காலம் நம் பத்திரிகைகளில் உண்டா? ஆனாலும் சத்தியம் வாங்காதீர்கள். வாங்கினாலும் நிற்காது. யாரோ மூழ்குவதைப் பார்த்த அரை நொடியில் குதித்த பெண் அவள். நாளை இன்னொரு குழந்தை கண் முன்னால் தண்ணீரில் போனால் சத்தியம் நினைவுக்கு வராது. வந்தால் அதைவிட மோசம், கரையில் நின்றுகொண்டே பார்த்தோம் என்ற பாரத்தை ஆயுள் முழுக்கச் சுமப்பாள். கராபெத்யானையே பாருங்கள். உடம்பை இழந்து, விளையாட்டை இழந்து, ஒதுங்கிப் போனவர். 1985-இல் யெரெவானின் பெரிய விளையாட்டு அரங்கம் தீப்பிடித்தபோது மறுபடியும் உள்ளே ஓடி ஆட்களை வெளியே கொண்டுவந்தார், மறுபடியும் மருத்துவமனைக்குப் போனார். சிலர் அப்படித்தான். (இந்த மனிதரைத் தீயும் தண்ணீரும் விடுவதே இல்லை. 2013-இல் சோச்சி ஒலிம்பிக் ஜோதியை ஏந்தி மாஸ்கோ கிரெம்ளினில் ஓடியபோது அவர் கையில்தான் ஜோதி அணைந்தது. பாதுகாப்புக்கு நின்றவர் சிகரெட் லைட்டரால் பற்றவைத்துக் கொடுத்தார்.)

அந்த ரகப் பெண் உங்கள் வீட்டில் பிறந்திருக்கிறாள். தடுத்து நிறுத்துவதைவிட, குதிப்பதற்கு முன் சுற்றிப் பார்க்கிற பழக்கத்தைக் கொடுங்கள். படித்துறைக்குப் போனால் அவள் கண் முதலில் தேட வேண்டியது காலிப் பிளாஸ்டிக் குடம், மூடி போட்ட ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், லாரி டியூப், வாழைத் தண்டு, துண்டு, துப்பட்டா, கழி. மூடிய காலிக் குடம் ஒன்று ஓர் ஆளை நீர்மட்டத்தில் பிடித்து நிறுத்தும். அன்று சாமி கும்பிட வந்த கூட்டத்தில் எத்தனை குடம் இருந்திருக்கும்? இனி அவள் நீந்திப் போவதானாலும் குடத்தை முன்னால் தள்ளிக்கொண்டு போய், பையனுக்கும் தனக்கும் நடுவில் அதை நீட்ட வேண்டும். அவன் கட்டிப்பிடிப்பது குடத்தை, அவளை அல்ல.

இதை ஒழுங்காகக் கற்க இடம் உண்டு. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி இந்தத் துறையில் பயிற்சி அளிக்கிறது. உங்களுக்கு அருகில் எப்போது வகுப்பு என்று விசாரியுங்கள். உங்கள் பயிற்சியாளருக்கும் ஒரு தகவல்: உயிர்காப்பே ஒரு விளையாட்டு. உலக விளையாட்டுப் போட்டிகள் எனப்படும் ‘வேர்ல்ட் கேம்ஸ்’ தொடரில் 1985 முதல் இடம்பெறுகிறது. அதில் ஒரு போட்டி: 25 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தி, மூழ்கி, அடியில் கிடக்கும் மனித உருவப் பொம்மையை எடுத்து, அதன் முகம் மேலே பார்க்கும்படி மீதி 25 மீட்டரை முடிக்க வேண்டும். ஃப்ரீஸ்டைல் பெண்ணுக்குத் தோதான போட்டி. கதை சொல்வதற்குப் பதில் அவர் குளத்துக்கு ஒரு பொம்மை வாங்கிப் போடலாம்.

கரையேற்றிய பிறகு செய்ய வேண்டியதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளட்டும், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். நம் ஊரில் இன்னமும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். இரண்டுமே கூடாது. அவை நேரத்தைத் தின்னும். வாந்தி நுரையீரலுக்குப் போகும். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-க்குப் போன் செய்ய, மற்றவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், பிறகு மார்பை அழுத்த வேண்டும்: 30 அழுத்தம், 2 மூச்சு, நிறுத்தாமல். நீரில் மூழ்கியவருக்குக் குறைவது காற்று. அதனால் மார்பு அழுத்தம் மட்டும் போதாது. பிழைத்தவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும், இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி அவள் மனம். இது என் துறை இல்லை; ஆனால் மீட்கப் போய் வந்தவர்களோடு பழகியதில் கண்டதைச் சொல்கிறேன். முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் தண்ணீரைத் தவிர்ப்பதும் இயல்பு. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவைக்கக் கூடாது. உங்கள் மகளுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அழைத்துப் போங்கள். நேரில் போக அவள் கூச்சப்பட்டால் முதலில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ல் பேசட்டும். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அதுவரை உறவினர்கள் வரும்போதெல்லாம் ‘என்ன நடந்தது, சொல்லு’ என்று அவளைச் சொல்லவைக்காதீர்கள். ‘வீராங்கனை’ என்று தூக்கிவைப்பதையும் நிறுத்துங்கள். தன்னை ஒருவர் கழி நீட்டிக் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தப் புகழ்ச்சி கேலியாகத்தான் கேட்கும்.

முடிந்தால் அவளையும் பையனையும் அந்தப் பெரியவர் வீட்டுக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். தேங்காய் பழத் தட்டோடு நன்றி சொல்லிவிட்டு வருவதோடு நிறுத்தாமல், அன்று அவர் என்ன பார்த்தார், ஏன் குதிக்காமல் கழியை எடுத்தார் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். ஆற்றோடு வாழ்ந்தவர் சொல்கிற பதில் என் பதிலைவிட அவளுக்குப் பயன்படும்.

குளத்துக்குத் திரும்புவது அவள் சொல்கிற நாளில் நடக்கட்டும். முதல் நாள் படியில் கால் நனைத்துவிட்டு வந்தாலும் போதும். ஸ்டாப்வாட்ச் பயிற்சியாளர் பையிலேயே இருக்கட்டும். அடுத்த போட்டிக்கு இந்த முறை பெயர் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் அவளே ‘கொடுக்கிறேன்’ என்றால் தடுக்காதீர்கள். பயிற்சியாளரிடம் இந்தப் பதிலைக் கொடுங்கள். அவர் ஒருமுறை அவளிடம் ‘நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ என்று சொன்னால் நல்லது. சொல்ல மாட்டார் என்று தோன்றினால், வேறு குளம் பாருங்கள்.

கணவருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், பயத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது மேல். உங்கள் படித்துறைக்கு ஒரு கயிறும் ஒரு கழியும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கயிறு 15 மீட்டராவது இருக்கட்டும். கடையில் நைலான் கயிறு கொடுப்பார்கள், வாங்க வேண்டாம், அது தண்ணீரில் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் கயிறு என்று கேளுங்கள். விலையும் குறைவு, மிதக்கும். ஒரு நுனியில் மூடி போட்ட காலி கேனைக் கட்டி, வீசும்போது பறக்காமல் இருக்க அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். அரச மரத்திலோ மண்டபத் தூணிலோ பிள்ளைகளுக்கும் எட்டும் உயரத்தில் மாட்டி, கோயில் நிர்வாகத்திடமும் ஊராட்சித் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், யாரும் மாடு கட்ட எடுத்துப் போய்விடாமல்.